வேலையின் பாரமும் அதை அளக்கும் விதமும்

லண்டன் உத்தியோகஸ்தர்கள்

பெரிய பதவி வகிப்போருக்கே கவலை அதிகம், ஆதலால் மாரடைப்பும் அவர்களையே முதலில் தேடி வரும் என்பது பொதுஜன அபிப்பிராயமாயிருந்த காலத்தில், 1967இல் தொடங்கி லண்டன் சர்க்கார் உத்தியோகஸ்தர் சுமார் 18,000 பேரைப் பரீட்சித்துக் கவனித்து வந்த வைத்தியர்கள் கண்டது அதற்கு நேர் விரோதமாயிருந்தது. உயர்தர நிர்வாகிகளைக் காட்டிலும் கடைநிலைச் சிப்பந்திகளிடையே இருதய நோயால் மாண்டவர் விகிதம் மூன்று மடங்குக்கு மேல். புகைபிடித்தல், ரத்தக் கொதிப்பு முதலிய காரணங்களைக் கழித்துப் பார்த்த பின்னும் வித்தியாசத்தின் பெரும்பகுதி எஞ்சி நின்றது.

எதை அளப்பது?

வேலையின் நெருக்கடி மட்டுமே மனிதனை வாட்டுவதில்லை, நெருக்கடி மிகுந்து அதைச் செய்யும் முறையைத் தானே தீர்மானிக்கும் சுதந்திரமும் குன்றும்போதுதான் மனச்சோர்வு முற்றுகிறது என்று 1979இல் ராபர்ட் கராசெக் என்ற ஆராய்ச்சியாளர் எழுதினார். 1985இல் லண்டனில் தொடங்கிய இரண்டாம் ஆராய்ச்சியும், அத்தகைய சுதந்திரம் குறைந்தவர்களையே இருதய நோய் அதிகம் பீடிப்பதைக் காட்டிற்று.

ஜப்பானின் பரிசோதனை

ஓயாத உழைப்பால் நேரும் மரணத்துக்குக் கரோஷி என்று தனிப் பெயரே வழங்கும் ஜப்பானில், 50 பேருக்குக் குறையாத ஊழியரைக் கொண்ட பணியிடங்கள் வருஷம் ஒருமுறை மன அழுத்தப் பரிசோதனை நடத்தியாக வேண்டும் என்ற சட்டம் 2015 டிசம்பரில் அமலுக்கு வந்தது. அதற்கெனப் பரிந்துரைக்கப்பட்ட வினாத்தாளில் 57 கேள்விகள். அவற்றில் 17 வேலையின் தன்மையைப் பற்றியவை, 29 ஊழியரின் மனமும் உடலும் படும் பாட்டைப் பற்றியவை, 9 மேலதிகாரி, சகாக்கள், குடும்பத்தார் ஆகியோரிடம் கிடைக்கும் ஆதரவைப் பற்றியவை, எஞ்சிய இரண்டு திருப்தியைப் பற்றியவை. விடைகளின் முடிவு ஊழியரிடமே நேராகச் சேரும். அவர் சம்மதமின்றி முதலாளிக்குத் தெரிவிக்கலாகாது. முதலாளியின் கண்ணில் படுமென்று தெரிந்தும் உண்மையை எழுதுகிற ஊழியர் எந்தத் தேசத்தில் இருக்கிறார்?

அழுத்தம் மிகுந்தவர் விரும்பிக் கேட்டால் வைத்தியரைச் சந்திக்க முதலாளி ஏற்பாடு செய்தாக வேண்டும். ஆனால் அந்த வேண்டுகோளை முதலாளியிடமே விடுக்க வேண்டியிருப்பதால், அதுவரை காத்த ரகசியம் அங்கேயே வெளிப்பட்டுவிடுகிறது; பலர் தயங்குவதில் வியப்பில்லை.

சட்டம் தளர்த்திய இடம்

இதே விடைகளைப் பெயர் நீக்கிப் பிரிவு பிரிவாகத் தொகுத்தால், எந்தப் பிரிவில் வேலை மிஞ்சுகிறது, எங்கே அதிகாரியின் ஆதரவு வறண்டிருக்கிறது என்பது புலனாகும். பத்துப் பேருக்குக் குறைந்த பிரிவில் இன்னார் எழுதியதென்று ஊகிக்க இடமுண்டாகையால் அதற்கும் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். இத்தனை ஜாக்கிரதையாக வகுத்த சட்டம், தனி ஊழியரைச் சோதிப்பதைக் கட்டாயமாக்கிவிட்டு, பிரிவுவாரி ஆய்வை மட்டும் முதலாளி முயன்று செய்யவேண்டிய காரியம் என்ற அளவிலே நிறுத்திவிட்டது. ஆள் போதாத பிரிவுக்கு ஆள் சேர்ப்பதும், வேலையின் வரிசையை ஊழியரே அமைத்துக்கொள்ள விடுவதும் அந்த ஆய்விலிருந்து பிறக்க வேண்டியவையாதலால், கட்டாயம் முதலில் விழுந்திருக்க வேண்டியது அதன்மீதுதான் என்பது என் எண்ணம்.