முன்பழக்கம் கேட்கும் சொல்

'ரீஅக்வெயின்ட்' என்ற ஆங்கில வினைச்சொல், விட்டுப்போன பழக்கத்தைப் புதுப்பித்துக்கொள்வதைக் குறிக்கும். பழைய நண்பரோடும் ஆகலாம், மறந்த பாடத்தோடும் ஆகலாம். 'வித்' என்ற துணைச்சொல் கூடவே வரும். ஆனால் முன்பழக்கம் இருந்தால்தான் அது செல்லும். நீலகிரியின் தேவாலா வட்டாரத்தில் குடியேறிய இலங்கை மலையகத் தமிழரை எண்ணிப் பாருங்கள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை ஏற்க இந்தியா இசைந்தது. அப்படி வந்தவர்களுக்கு வேலை தர 1968இல் வனத்துறை தொடங்கிய தேயிலைத் திட்டமே பின்னர் 'டேன்டீ' நிறுவனமானது. அவர்களைத் 'தாயகம் திரும்பியோர்' என்றார்கள். பலர் பிறந்ததோ இலங்கையில். காணாத மண்ணுக்குத் திரும்புவது எப்படி?

தமிழ் பேசுகிறவர்கள், கொழுந்து பறிக்கத் தெரிந்தவர்கள், பிறகென்ன புதுமை என்று கேட்கலாம். நியாயம்தான். தேயிலைச் செடியோடு அவர்கள் பழக்கத்தைப் புதுப்பித்தார்கள். அங்கே இந்தச் சொல் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் தேவாலாவின் அடைமழை, ரேஷன் அட்டை, தாலுகா அலுவலகம், சான்றிதழுக்கான அலைச்சல் எல்லாம் முதல் அறிமுகம். ஆகவே ஊரைப் பொறுத்தவரை வெறும் 'அக்வெயின்ட்' என்பதே சரி. முன்னால் 'ரீ' சேர்ப்பது பிழை.