கேட்டால்தான் தெரியும் நோய்

மாத்தளை மாவட்டத்தில் கலேவெலைப் பக்கம் இருக்கும் வஹகோட்டை, புனித அந்தோனியார் கோயிலால் பெயர்பெற்ற ஊர். போர்த்துக்கேயர் காலம் தொட்டுக் கத்தோலிக்கக் குடிகள் வாழ்ந்துவரும் மண். சிங்களவரும் தமிழருமாக யாத்திரிகர்கள் வருகிறார்கள். தொலைந்ததைக் கண்டெடுத்துத் தருபவர் அந்தோனியார் என்பது உலகெங்கும் உள்ள நம்பிக்கை. ஆனால் இதுபோன்ற தலங்களுக்கு வருபவர்கள் காணாமற்போன தோட்டையும் சங்கிலியையும் மட்டும் தேடி வருவதில்லை. உறக்கத்தைத் தொலைத்தவர்கள் வருகிறார்கள். நன்றாகப் படித்துக்கொண்டிருந்த மகன் ஆறு மாதமாக அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு தனக்குத்தானே பேசுகிறான் என்று தாய்மார் வருகிறார்கள். மூன்று வயதாகியும் 'அம்மா' என்று அழைக்காத பிள்ளையை இடுப்பில் சுமந்து வந்து நேர்த்தி வைக்கிறார்கள்.

மனநோயை முதலில் காண்பவர் மனநல வைத்தியர் அல்ல. பூசாரியும் பங்குத்தந்தையும் மௌலவியும் காண்கிறார்கள், வீட்டுக்கு வரும் மருத்துவமாது காண்கிறார், வகுப்பாசிரியை காண்கிறார், வெளிநோயாளர் பிரிவில் வரிசையைக் குறைக்கப் போராடும் டொக்டர் காண்கிறார். இவர்கள் கண்ணுக்கு என்ன படுகிறது, என்ன தப்பிப்போகிறது என்பதில்தான் ஒரு நோயாளியின் அடுத்த பத்து வருடம் தங்கியிருக்கிறது.

நீரிழிவுக்கு இரத்தத்தில் சீனி பார்க்கலாம். எலும்பு முறிந்தால் எக்ஸ்ரே காட்டிக்கொடுக்கும். மனச்சோர்வையோ பதகளிப்பையோ இன்னதென்று சொல்லும் இரத்தப் பரிசோதனை இன்றுவரை இல்லை. மூளையை ஸ்கேன் செய்து 'இது மனச்சோர்வு' என்று அச்சடித்துத் தரும் இயந்திரமும் இல்லை. உளமருத்துவத்தின் கருவி கேள்வி. அதனால் நோய்நிர்ணயம் வெறும் ஊகம் என்று நினைத்துவிடக்கூடாது. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கைநூல் மனச்சோர்வுக்கு 9 அறிகுறிகளை வகுத்திருக்கிறது: மனம் இருண்டு கிடப்பது, எதிலும் நாட்டமில்லாமை, பசியும் எடையும் மாறுவது, உறக்கம் கெடுவது, உடலசைவு மந்தமாவது அல்லது நிலைகொள்ளாமல் தவிப்பது, களைப்பு, தன்னை உதவாக்கரை என்றும் பாவி என்றும் எண்ணுவது, சிந்தனை ஓரிடத்தில் நிற்காமை, சாவைப் பற்றிய நினைப்பு. இவற்றில் குறைந்தது 5, ஏறக்குறைய நாள் தவறாமல், 2 வாரமாவது இருக்க வேண்டும். முதல் இரண்டில் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். அவை கடும் வேதனை தர வேண்டும், அல்லது வீட்டு வேலை, தொழில், உறவு என்று அன்றாட வாழ்வைக் குலைத்திருக்க வேண்டும். பரீட்சையில் தவறிய பிள்ளை மூன்று நாள் அழுவது நோயல்ல. அந்தக் கோட்டைப் போடத்தான் இந்தக் கணக்கெல்லாம்.

சிக்கல் என்னவென்றால், நம்மவர்கள் இந்த ஒன்பதில் எதையும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. நாற்பது வயதுத் தோட்டத் தொழிலாளி ஒருவர் வெளிநோயாளர் பிரிவுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். துண்டில் எழுதப்படுவது 'தலையிடி, உடம்பு உளைவு'. பனடோல் கொடுக்கிறார்கள். அடுத்த மாதம் நெஞ்சு படபடப்பு. ஈசீஜி எடுத்தால் ஒன்றுமில்லை. அதற்கடுத்த மாதம் கைகால் விறைப்பு, விற்றமின் மாத்திரை. நாலாம் முறை ஒரு டொக்டர் பேனையை மூடி வைத்துவிட்டுக் கேட்கிறார்: "எத்தனை மணிக்கு முழிப்பு வருதம்மா?"

"ரெண்டு மணிக்கெல்லாம் முழிச்சிருவேன் ஐயா. பொறகு தூக்கமே வராது. கூரையப் பார்த்துக்கிட்டே கெடப்பேன்."

"திருவிழாவுக்குப் போனீங்களா?"

"போகல்லைங்க. எதுலயும் மனசு இல்ல."

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதிகாலை விழிப்பு, நாட்டமின்மை என இரண்டு அறிகுறிகள் வெளியே வந்துவிட்டன. அந்தத் தலையிடி பொய்யல்ல. அவருக்கு உண்மையாகவே வலிக்கிறது. மனத்தின் நோவு உடலின் வழியாகப் பேசுவது தமிழரிடம் மிகச் சாதாரணம். யாழ்ப்பாணத்தில் பல ஆண்டுகள் உளமருத்துவராக இருந்த தயா சோமசுந்தரம், போரில் அகப்பட்ட நம் பெண்களின் பெருமூச்சைக்கூட ஒரு நோய்க்குறியாகப் பதிவுசெய்திருக்கிறார். அந்த ஒன்பது அறிகுறிகளில் பெருமூச்சுக்கு இடம் கிடையாது.

அதேவேளை உடலைப் பார்க்காமல் மனத்தின் மேல் பழி போடுவதும் தவறு. தைரொய்ட் சுரப்பு குறைந்தால் ஆள் சோர்ந்து, மந்தமாகி, மனச்சோர்வு போலவே தெரிவார். அது கூடினால் படபடப்பும் பதற்றமும் வந்து பதகளிப்பு நோய் போலத் தோன்றும். இரத்தச்சோகை, பி12 விற்றமின் குறைபாடு, மதுப் பழக்கம், சில மருந்துகள் எல்லாம் இந்த மயக்கத்தைத் தருபவை. நல்ல வைத்தியர் இவற்றை முதலில் விலக்குவார். இன்னொன்றையும் கேட்பார்: முன்னெப்போதாவது உறக்கமே இல்லாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு, கடன்பட்டுச் செலவழித்து, ஓயாமல் பேசித் திரிந்த காலம் உண்டா? 'ஆம்' என்றால் அது வெறும் மனச்சோர்வல்ல, இருதுருவ நோயாக இருக்கலாம். அவருக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் பித்துநிலை கிளம்பிவிடும் ஆபத்து இருக்கிறது. நோயாளி இதைச் சொல்லமாட்டார். அந்தக் காலத்தை அவர் நோயாகவே எண்ணுவதில்லை. மனைவியைக் கேட்டால் தெரியும்.

இலங்கையில் இந்தக் கேள்வி கேட்கும் வேலையை மிக அழகாகச் செய்யக்கூடியவர் மருத்துவமாது. பிள்ளை பெற்ற தாயிடம், மனச்சோர்வு உண்டா என்று அறிய, எடின்பரோ அளவுகோல் என்ற 10 கேள்விப் படிவத்தைக் கொடுக்கும் வழக்கம் இங்கே உண்டு. 1987இல் ஜோன் கொக்ஸ் என்ற உளமருத்துவரும் அவருடைய சகாக்களும் ஸ்கொட்லாந்தில் உருவாக்கியது அது. கைக்குழந்தைக்காரி களைப்பாகத்தான் இருப்பாள் என்பதால் உடற்களைப்பைப் பற்றிக் கேட்காது. கடந்த 7 நாளில் சிரிக்க முடிந்ததா, காரணமின்றித் தன்னையே நொந்துகொண்டாளா, காரணமில்லாமல் பயந்தாளா என்று கேட்கும். கடைசிக் கேள்வி தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. மூலப் படிவத்தில் 30க்கு 12, 13 புள்ளிகளைத் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்பது கணக்கு. ஆனால் 2008இல் சிங்களப் படிவத்தைச் சோதித்தபோது 9இலேயே கோட்டைப் போட வேண்டியிருந்தது. ஸ்கொட்லாந்துக் கோட்டை அப்படியே வைத்திருந்தால், நோயுற்ற எத்தனையோ தாய்மார் 'சுகம்' என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டிருப்பார்கள். இதை நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. வேற்றூர்த் தராசை நம்மூர்ச் சந்தையில் வைப்பதற்கு முன் படிக்கல்லைச் சரிபார்க்கத்தான் வேண்டும்.

பிள்ளைகளிடத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். பேராசிரியை ஹேமமாலி பெரேராவும் குழுவினரும் நகரை அண்டிய ஒரு பகுதியில் 18 முதல் 24 மாதம் வரையான 374 குழந்தைகளைப் பரிசோதித்து 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 93 பிள்ளைகளில் ஒருவருக்கு ஓட்டிசம் என்று கணக்கு வந்தது. சிறிய ஆய்வு, ஆகவே அந்த எண்ணை நாடு முழுவதற்கும் விரிக்க நான் துணியமாட்டேன். அதைவிட முக்கியமானது வேறொன்று. உலகம் முழுக்கப் பயன்படும், தாய் 'ஆம், இல்லை' என்று பதில் சொல்லும் வினாப்படிவம் அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோரைத் தவறவிட்டது. பின்னர் அவருடைய குழு, ஓட்டிசப் பிள்ளைகளின் நடத்தைகளைப் படமாகக் காட்டித் தாயைக் கேட்கும் ஒரு முறையை உருவாக்கியது. 'உங்கள் பிள்ளை கண்ணோடு கண் பார்க்குமா?' என்றால் எந்தத் தாயும் 'பார்க்கும்' என்பாள். படத்தைக் காட்டினால் சற்று நின்று யோசிக்கிறாள்.

வீட்டிலேயே கவனிக்கக்கூடியவை சில உண்டு. ஒரு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, ஒன்றரை வயதாகியும் நிலாவையோ நாயையோ விரலால் சுட்டிக் காட்டாதது, பேசிய சொற்களை இழந்துபோவது. முதலில் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். செவிப்புலக் குறையும் இதே முகத்தோடு வரும். 'அவங்க அப்பாவும் நாலு வயசிலதான் பேசினார்' என்று பாட்டி சொல்லும் ஆறுதலில் மூளை வேகமாக வளரும் பருவம் கழிந்துவிடுகிறது.

பள்ளிக்கூடத்தில் 'குழப்படிக்காரன்' என்று பெயர் வாங்கிய பையனுக்குக் கவனக்குறைவும் அதீத துடிப்பும் சேர்ந்த நோய் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், 6 மாதமாவது நீடித்திருக்க வேண்டும், வீடு, பள்ளி என்று இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும். வகுப்பில் மட்டும் அடங்காதவன் என்றால் வகுப்பறையைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். கரும்பலகை தெரியவில்லையோ, எழுத்துக் கூட்ட முடியவில்லையோ, யாராவது அடிக்கிறார்களோ. மூலையில் சத்தமில்லாமல் யன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்பிள்ளைக்கும் இதே கவனக்குறைவு இருக்கலாம். அவளால் யாருக்கும் தொந்தரவு இல்லாததால் எவரும் கவனிப்பதில்லை. பிள்ளைகளின் மனச்சோர்வு அழுகையாக வராமல் எரிச்சலாக வரலாம். திங்கட்கிழமை காலையில் மட்டும் வரும் வயிற்றுவலியாகவும் வரலாம். வாழ்நாள் மனநோய்களில் ஏறக்குறைய பாதி 14 வயதுக்குள் தலைகாட்டிவிடுகின்றன என்று 2005இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது.

படிவம் நிரப்புவது வேறு, நோயென்று தீர்மானிப்பது வேறு. போர் முடிந்த 2009இல் யாழ். மாவட்டத்தில் தரவு திரட்டப்பட்டு 2011இல் வெளியான ஆய்வில், 32.6 சதவீதமானோருக்குப் பதகளிப்பு அறிகுறிகளும், 22.2 சதவீதமானோருக்கு மனச்சோர்வு அறிகுறிகளும், 7 சதவீதமானோருக்கு மனவடு நோயின் அறிகுறிகளும் பதிவாயின. அப்போதும் இடம்பெயர்ந்திருந்தவர்களிடம் எல்லாமே கூடுதல். இவை வினாப்படிவம் கண்டவை. மூன்றில் ஒருவர் மனநோயாளி என்று இதை வாசிக்கக்கூடாது. யாரை உட்காரவைத்து ஆறுதலாகப் பேச வேண்டும் என்று படிவம் கைகாட்டும். முடிவைச் சொல்ல மனிதர் வேண்டும்.

கோயிலுக்கு வருவோம். குரல் கேட்கிறது, சாப்பாட்டில் நஞ்சு வைக்கிறார்கள், அயலவர் மந்திரித்துவிட்டார்கள் என்பவருக்கு உளமாய நோய் இருக்கக்கூடும். குடும்பம் முதலில் தேடுவது கோயிலைத்தான். அவர்களைப் பழிக்க எனக்கு மனமில்லை. தமிழ்நாட்டில் முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கியிருந்த 31 பேரை ஆய்வாளர் ரகுராமும் சகாக்களும் அளந்து பார்த்தார்கள். அநேகர் கடும் உளமாய நோயாளிகள். கோயிலில் மருந்து கிடையாது. சடங்குகளும் பெரிதாக இல்லை. உறவினரோடு தங்கி, முற்றம் கூட்டி, செடிக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். சராசரியாக ஆறு வாரத்தில் அறிகுறிகள் ஏறக்குறைய 20 சதவீதம் தணிந்தன. 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இது வெளிவந்தது. அதற்கு ஓராண்டு முன், 2001 ஆகஸ்ட் 6இல், அதே தமிழ்நாட்டின் ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்தவர்களைச் சங்கிலியில் கட்டிவைத்திருந்த ஒரு தனியார் காப்பகம் தீப்பிடித்து 28 பேர் கருகி மாண்டார்கள். இரண்டும் நம்பிக்கையின் நிழலில் நடந்தவைதான். ஒன்றில் அன்பும் சுதந்திரமும் இருந்தன, மற்றதில் சங்கிலி இருந்தது. குஜராத்தின் உனாவா தர்காவில் பிரார்த்தனைக்கு வருபவர்களை அங்கேயே மருத்துவரும் பார்க்கும் ஏற்பாடு நடந்திருக்கிறது. மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு கிளினிக்குக்கும் போகலாம். எந்தப் புனிதரும் அதைத் தடுக்கமாட்டார். திருத்தலங்களின் குருமார் இதை ஒரு வசனமாகப் பிரசங்கத்தில் சொன்னால், நூறு சுவரொட்டிகள் செய்யாததை அது செய்யும்.

ஒரு கேள்வியைக் கேட்கத்தான் எல்லோரும் அஞ்சுகிறார்கள்: "செத்துவிடலாம் போல இருக்கிறதா?" கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடுவோம் என்ற பயம் ஆதாரமற்றது. பெரும்பாலானோருக்கு, யாராவது கேட்டார்களே என்ற ஆறுதல்தான் வரும். 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் ஒரு இலட்சத்துக்கு 47 என்ற அளவில் உலகின் உச்சங்களில் ஒன்றாக இருந்தது. மிகக் கொடிய பூச்சிகொல்லிகளைப் படிப்படியாகத் தடைசெய்ததால் 2005க்குள் அது ஏறக்குறைய பாதியானது. 1998இல் தற்கொலை முயற்சி குற்றம் என்ற சட்டமும் போனது. கலேவெலை, தம்புள்ளைப் பக்கம் தோட்டம் செய்யும் வீடுகளில் பூச்சிமருந்துப் போத்தல்களை இன்னொருவர் பொறுப்பில் பூட்டி வைப்பது அத்தனை முக்கியம். அவசரத்துக்குத் தேசிய உளநல நிறுவகத்தின் 1926 இலக்கம் இரவிலும் பகலிலும் இயங்குகிறது.

எல்லாவற்றையும் விட என்னை உறுத்துவது மொழி. கேள்வியே கருவி என்றால், கேட்பவருக்கும் சொல்பவருக்கும் ஒரே மொழி இருந்தாக வேண்டும். மாத்தளையின் தோட்டங்களிலிருந்து வரும் தமிழ்த் தாய், சிங்களம் மட்டும் தெரிந்த வைத்தியரின் முன்னால் உட்காரும்போது, பத்து வயது மகன் நடுவில் நின்று மொழிபெயர்க்கிறான். தன் சாவு நினைப்பை அவன் வாயால் சொல்ல எந்தத் தாய்க்கு மனம் வரும்? 'தலையிடி' என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போவாள். மாவட்டத்தின் ஒவ்வொரு உளநலக் கிளினிக்கிலும் தமிழ் பேசும், பயிற்சி பெற்ற ஓர் உத்தியோகத்தர் இருக்க வேண்டும் என்று பிரதேச சபை உறுப்பினரும், ஆசிரியர் சங்கமும், கோயில் பரிபாலன சபையும் சுகாதாரத் திணைக்களத்துக்கு எழுத்தில் கேட்க வேண்டும். புதிய இயந்திரம் எதையும் வாங்கச் சொல்லவில்லை. ஒரு நாற்காலியும் அதில் தமிழ் கேட்கத் தெரிந்த ஒருவரும் போதும்.