குழந்தையின் எடையும் எடைக்கல்லும்

நான் மருத்துவம் படித்தவன் அல்லன். நாற்பது ஆண்டுகளாகத் தராசு பிடித்த வணிகன். நிறுவை குறைந்தால் முதலில் எடைக்கல்லைச் சரிபார்ப்போம். பிறகுதான் சரக்கைக் குறை சொல்வோம். கைக்குழந்தைகளை நிறுத்துப் பார்த்த கல்லே பல்லாண்டுகள் பொருந்தாததாக இருந்தது என்பதை நூல்களில் படித்து வியந்தேன். ஊரைவிட்டு வந்து, பாட்டிமார் துணையின்றிப் பிள்ளை வளர்க்கும் நம் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

1977இல் அமெரிக்காவில் ஒரு வளர்ச்சி அட்டவணை வெளியாயிற்று. உலக சுகாதார நிறுவனமும் அதையே பல நாடுகளுக்குப் பரிந்துரைத்தது. கைக்குழந்தைகளுக்கான பகுதி ஒஹையோ மாநிலத்தில் எடுத்த கணக்கு. அக்குழந்தைகளில் பெரும்பாலோர் புட்டிப்பால் குடித்தவர்கள். தாய்ப்பால் குழந்தையின் போக்கு வேறு. முதல் இரண்டு மூன்று மாதம் கிடுகிடுவென எடை ஏறும், பிறகு நிதானப்படும். புட்டிப்பால் குழந்தையோ அதன்பின்னும் வேகமாகவே ஏறும். ஆகவே பழைய அட்டவணைப்படி, நன்றாயிருக்கும் தாய்ப்பால் குழந்தையும் நான்காம் மாதத்துக்குமேல் பின்தங்கியதாகத் தெரியும்.

விளைவு என்ன? "புள்ளை எளைச்சுப் போச்சே, பால் பத்தலை போலிருக்கே" என்று வீட்டில் பேச்சு எழும். டப்பா பால் உள்ளே வரும். குழந்தை சப்பச் சப்பத்தான் தாய்க்குப் பால் ஊறும். ஒரு வேளை புட்டி வந்தால் ஒரு வேளை சப்புவது குறையும், பாலும் குறையும். வெறும் பயமாக இருந்தது மெய்யாகிவிடும். டப்பா சீக்கிரம் தீரக்கூடாதென்று தண்ணீராகக் கரைத்தால் சத்தும் போச்சு. புட்டியில் சுத்தம் குறைந்தால் வயிற்றுப்போக்கும் சேரும்.

1997 முதல் 2003 வரை உலக சுகாதார நிறுவனம் பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் சுமார் 8,500 குழந்தைகளை அளந்தது. நம் நாட்டில் தெற்கு தில்லியைத் தேர்ந்தெடுத்தார்கள். தாய்ப்பால் குடித்து, நல்ல சூழலில் வளர்ந்த பிள்ளைகள். ஆறு நாடுகளிலும் உயர வளர்ச்சி ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது! அதைக் கொண்டு 2006இல் புதிய அளவுகோல் வந்தது. 2008இல் இந்தியாவும் ஏற்றுக்கொண்டது.

அதற்காக, எடை குறைந்தாலும் கவலையில்லை என்று இருந்துவிடக் கூடாது. குழந்தையின் கோடு அட்டவணையில் தொடர்ந்து கீழே இறங்கினாலோ, முதல் வாரத்துக்குப் பின் நாளுக்கு ஆறு முறையாவது சிறுநீர் போகாவிட்டாலோ உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மரக்கறி உணவே உண்ணும் எங்களைப் போன்ற வீடுகளில் தாய்க்கு வைட்டமின் பி12 குறைந்தால் பாலிலும் குறையும். கர்ப்ப காலத்திலேயே மருத்துவரிடம் கேட்டுச் சோதித்துக்கொள்வது நல்லது.

ஆறு மாதம் வரை தண்ணீர்கூட வேண்டாம், தாய்ப்பாலே போதும். அதற்குமேல் அது மட்டும் போதாது. இரும்புச்சத்து முதலியவை உணவிலிருந்து வரவேண்டும். குழைத்த பருப்புச் சோறு, நெய், மசித்த கீரை, பழம் எல்லாம் கொடுத்துப் பழக்கலாம். தாய்ப்பாலும் இரண்டு வயதுவரை தொடரட்டும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 6 முதல் 23 மாதக் குழந்தைகளில் போதிய உணவு பெறுவோர் நூற்றுக்குப் பதினொருவரே. நம் வீடுகளும் கவனிக்க வேண்டிய இடம் இது.

பிள்ளை பெற்றவளிடம் "பால் இருக்கா?" என்று தினம் கேட்டு மிரட்டாதீர்கள். "நீ சாப்பிட்டியாம்மா, தூங்கினியா?" என்று கேளுங்கள். அவளுக்கு அந்தத் துணைதான் வேண்டும்.