கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு கை

ஜப்பானிய மொழியில் 'மட்சு' என்றால் காத்திருப்பது. 'மொட்சு' என்றால் கையில் வைத்திருப்பது. காதுக்கு இரண்டும் அண்ணன் தம்பி என்றால், கண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகள். இரண்டு எழுத்திலும் ஒன்பது கோடுகள். வலப்பாதி அச்சு அசலாக ஒன்றே. புதிதாகப் படிக்கிறவர்கள் நோட்டு முழுக்க எழுதிப் பார்த்துவிட்டு, மறுநாள் தேர்வில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட்டுவிட்டு வருவார்கள்.

கோடுகளை எண்ணிக்கொண்டிருக்கும்வரை இந்தக் குழப்பம் தீராது. அந்த வலப்பாதி தனியாக நின்றால் 'புத்த கோயில்' என்று பொருள்படும் எழுத்து. அதன் இடப்பக்கம் கையைக் குறிக்கும் உறுப்பு வந்தால் 'வைத்திருத்தல்'. நடையைக் குறிக்கும் உறுப்பு வந்தால் 'காத்திருத்தல்'. இதைத் தெரிந்துகொண்டவருக்கு ஒன்பது கோடுகளை நினைவில் வைக்கும் வேலை இல்லை. எது கை, எது நடை என்று பார்த்தால் போதும்.

கோயிலின் குடும்பம் இன்னும் பெரியது. பக்கத்தில் சூரியன் வந்தால் 'நேரம்', மனிதன் வந்தால் 'சாமுராய்', பேச்சைக் குறிக்கும் உறுப்பு வந்தால் 'கவிதை'. கோயில் மணி அடித்து நேரம் சொன்னதால் இப்படி என்று பலர் கதை கட்டிப் படிக்கிறார்கள். மனத்தில் பதிய அந்தக் கதை உதவும். ஆனால் கோயில் அங்கே இருப்பது ஒலிக்காக. கோயில் எழுத்தின் சீன வழி உச்சரிப்பு 'ஜி'. நேரமும் 'ஜி'தான். கவிதை சற்றே திரிந்து 'ஷி'. கான்ஜி எனப்படும் இந்த எழுத்துகளில் பெரும்பாலானவை இப்படித்தான் அமைந்திருக்கின்றன: ஓர் உறுப்பு பொருளுக்குக் குறிப்பு தரும், மற்றது ஒலிக்கு.

கான்ஜி என்றாலே படம் என்றுதான் பலரும் ஆரம்பத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். மரம் ஒன்று, இரண்டு மரம் தோப்பு, மூன்று மரம் காடு. மரத்தடியில் மனிதன் என்றால் ஓய்வு. கேட்கவே இனிக்கும். ஆனால் இப்படிப் படமாகப் பிடிபடுபவை கொஞ்சம்தான். ஜப்பான் அரசின் பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் 2010 முதல் 2136 எழுத்துகள் இருக்கின்றன. படத்தை நம்பிப் போகிறவர் முதல் நூறைத் தாண்டியதும் திணறிப்போகிறார்.

அடுத்த சிக்கல் உச்சரிப்பு. ஓர் எழுத்துக்கு ஏன் இரண்டு மூன்று ஒலிகள்? தமிழருக்கு இதை விளக்குவது எளிது. சூரியனுக்கு நம்மிடம் ஒரே ஒரு குறி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது தனியாக நிற்கும்போது 'ஞாயிறு' என்றும், 'உதயம்' பக்கத்தில் வந்தால் 'சூரிய' என்றும் வாசித்தால் எப்படி இருக்கும்? ஜப்பானியர் செய்வது அதைத்தான். சீனாவிலிருந்து கொரியா வழியாக எழுத்து வந்தபோது சீனச் சொல்லும் கூடவே வந்தது. வீட்டுச் சொல்லும் போகவில்லை. வீட்டு ஒலி 'குன்யோமி', வந்த ஒலி 'ஒன்யோமி'. ஞாயிற்றுக்கிழமை அங்கே 'நிச்சியோபி'. அதன் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் அதே சூரியன்தான். தொடக்கத்தில் 'நிச்சி', முடிவில் 'பி'.

சூரியனின் பெயரே கிழமைக்கும் பெயராக இருப்பது நமக்குப் புதிதல்ல. நிலா எழுத்து இன்னும் நெருக்கம்: அது நிலவையும் குறிக்கும், மாதத்தையும் குறிக்கும், திங்கட்கிழமையின் பெயரிலும் முதலில் நிற்கும். நம் 'திங்கள்' சுமக்கும் அதே மூன்று பொருள்கள். ஜனவரி அவர்களுக்கு 'இச்சிகட்சு', அதாவது ஒன்றாம் திங்கள். ஒரு குறியே ஒரு முழுச் சொல்லாவதும் தமிழில் உண்டு. பழைய பத்திரங்களில் நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵ என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்போம்.

இந்த நிலாவிடம் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. மூளை, மார்பு, வயிறு என உடலுறுப்புகளின் எழுத்துகளில் இடப்பக்கம் நிற்பது நிலா மாதிரியே இருக்கும். உண்மையில் அது 'தசை' எழுத்தின் சுருங்கிய வடிவம்.

ஜப்பானியக் குழந்தைகள் கான்ஜியை நிதானமாகவே கற்கிறார்கள். முதல் வகுப்பில் 80 எழுத்துகள். ஆறு ஆண்டுத் தொடக்கப்பள்ளி முடியும்போது 1026. அவர்களுக்கு ஒரு வசதி உண்டு. 'மிசு' என்றால் தண்ணீர் என்பது எழுத்து வருவதற்கு முன்பே தெரியும். வெளியிலிருந்து படிப்பவர் சொல்லையும் எழுத்தையும் சேர்த்தே கற்க வேண்டியிருக்கிறது. அதனால் உச்சரிப்புகளைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வது வீண் உழைப்பு. 'வாழ்வு, பிறப்பு' என்று பொருள்படும் எழுத்துக்கு அகராதியில் ஒலிகள் வரிசைகட்டி நிற்கும். ஆனால் 'சென்செய்' என்றால் ஆசிரியர், 'கக்குசெய்' என்றால் மாணவர், 'நாமா' என்றால் பச்சையானது, வேகாதது என்று சொற்களாகப் பிடித்தால் ஒலி தானாகவே கூட வரும்.

மறப்பதற்குச் சற்று முன் திரும்பப் பார்ப்பதுதான் மனப்பாடத்தின் சூட்சுமம். இன்று, இரண்டு நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். இதற்காகவே பலரும் பயன்படுத்தும் 'அன்கி' செயலியின் பெயருக்கு ஜப்பானிய மொழியில் மனப்பாடம் என்றே பொருள். கையால் எழுதுவதையும் விடக்கூடாது. மேலிருந்து கீழ், இடமிருந்து வலம் என்ற வரிசையில் எழுதிப் பழகிய கை உறுப்புகளைத் தானாகவே பிரித்துக்கொள்ளும்.

கைபேசியில் தட்டச்சு செய்கிறவருக்கும் இந்தப் பழக்கம் தேவை. 'ஹஷி' என்று ஒலியைத் தட்டினால் திரையில் எழுத்துகள் வரிசையாக வரும். பாலமும் 'ஹஷி', சாப்பிடும் குச்சியும் 'ஹஷி', ஓரமும் 'ஹஷி'. எதைத் தொடுவது? இடப்பக்கம் மரம் நிற்பது பாலம். தலையில் மூங்கில் இருப்பது குச்சி.