மலாய் அலங்காரக் கலையில் சீனப் பூக்கள்: எப்படி வந்தன, எப்படி மாறின?

பியோனி ஒரு குளிர்நாட்டுப் பூ. மலாய்த் தீபகற்பத்தின் வெப்பம் அதற்கு ஒத்துவராது. ஆனாலும் மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் வீடுகளின் பழைய பீங்கான் பாத்திரங்களில் அது பூத்திருக்கிறது. வளராத மண்ணுக்கு அந்தப் பூ எப்படி வந்தது?

முதற் காரணம் கடல் வணிகம். இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே 1998இல் கண்டுபிடிக்கப்பட்ட 9ஆம் நூற்றாண்டுக் கப்பலில் சுமார் 60,000 சீன மட்கலங்கள் இருந்தன. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செங் ஹேயின் கப்பல்கள் மலாக்காவில் தங்கிச் சென்றன. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளில் பொறிக்கப்பட்ட 1409ஆம் ஆண்டின் காலிக் கல்வெட்டும் அந்தக் கடற்பயணங்களோடு இலங்கைக்கு வந்ததுதான். அது இன்று கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. பட்டும் பீங்கானும் இறங்கிய துறைமுகங்களில், அவற்றின்மேல் வரையப்பட்ட தாமரையும் செவ்வந்தியும் பியோனியும் சேர்ந்தே இறங்கின.

இரண்டாவது காரணம் சமயம். இஸ்லாம் பரவிய பின்னர் மலாய்க் கலைஞர்கள் மனித, விலங்கு உருவங்களைப் பெரும்பாலும் தவிர்த்தனர். சீனப் பொருட்களில் இருந்த பறவைநாகங்கள் ஒதுங்கின. பூவும் கொடியும் நிலைத்தன.

மூன்றாவது காரணம் உறவு. சீன வணிகர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்ததால் பெரானாக்கான் சமூகம் உருவானது. அவர்களுடைய பெண்கள் அணிந்த கெபாயாச் சட்டையிலும் மணிகள் கோத்த செருப்பிலும் சீனப் பூக்களும் உள்ளூர்ப் பூக்களும் கலந்தன.

ஆனால் எல்லாப் பூவையும் சீனாவின் கணக்கில் எழுதிவிட முடியாது. மலாய் மொழியில் தாமரைக்கு ‘செரோஜா’ என்றும் பெயர் உண்டு. அது சமஸ்கிருதத்தின் ‘சரோஜா’. இந்து, பௌத்த மரபுகளோடு தாமரை அங்கு முன்னரே போயிருந்தது. சீனக் கலையில் தாமரை பெற்ற உயர்ந்த இடத்திற்கும் இந்தியாவிலிருந்து சென்ற பௌத்தமே முக்கிய காரணம்.

வந்த பூக்கள் வந்தபடியே இருக்கவுமில்லை. திரங்கானு, கிளந்தான் மரச்செதுக்கல்களைப் பாருங்கள். கொடி ஒரு மறைவான மூலத்திலிருந்து கிளம்பி வளைந்து செல்லும். அதன் நுனி அருகிலுள்ள கொடியைக் குத்தக்கூடாது. உள்நோக்கி மடியவேண்டும் என்பது செதுக்குபவர்களின் விதி. அயலவரை நோகடிக்காமல் வளரவேண்டும் என்ற வாழ்க்கை ஒழுங்கே அங்கு வடிவமாகியிருக்கிறது. இதைச் சீனாவிடமிருந்து பெற்ற பிரதி என்று சொல்லமுடியாது.

கெபாயா எந்த நாட்டுக்குச் சொந்தம் என்ற சர்ச்சை நீண்டகாலம் இருந்தது. இறுதியில் புருணை, இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகளும் கூட்டாக விண்ணப்பித்து, 2024இல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் அதைச் சேர்த்தன. கலப்பை ஒப்புக்கொண்டதால் எந்த நாடும் தன் அடையாளத்தை இழக்கவில்லை. ஒரு மரபு ‘தூய்மையானதா’ என்று கேட்பதைவிட, அதை இன்றும் யார் நெய்கிறார்கள், யார் செதுக்குகிறார்கள் என்று கேட்பதே அதன் உயிரைக் காக்கும்.