அங்காடிக்குக் கீழே ஒரு நகரம்

சந்தை கூடாத சந்தை மண்டபம் ஒன்றைப் பற்றி இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அது இருப்பது ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த கட்டலோனியாவின் தலைநகரமாகிய பார்சலோனாவில். துறைமுகத்திற்கு அணித்தே, குறுகிய தெருக்கள் பின்னிக் கிடக்கும் பழம்பகுதியில், இரும்பால் எழுப்பிய பெரியதொரு மண்டபம் நிற்கிறது. அதன் பெயர் எல் பொர்ன். அங்கு இன்று காய்கறி விற்பாரும் இல்லை, வாங்குவாரும் இல்லை. உள்ளே நுழைந்தவர் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு கீழே நோக்குகின்றனர். தரை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நகரம் கிடக்கிறது.

முதலில் மண்டபத்தைப் பார்ப்போம். ஃபொன்செரே என்னும் கட்டடக் கலைஞரும் கொர்னெட் என்னும் பொறியியல் வல்லுநரும் வகுத்த திட்டப்படி எழுந்து, 1876-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது இது. இரண்டு நீண்ட கூடங்கள் குறுக்கே சந்திக்க, சந்திக்கும் இடத்தில் எட்டுப் பட்டையுள்ள குவிமாடம் எழும்புகிறது. மேலே மெருகிட்ட ஓடுகள். பக்கங்களில் வெளிச்சமும் காற்றும் புகுமாறு சாய்வாய் அமைத்த அடுக்குப் பலகணிகள். கறிகாய் வாடாமல் இருக்கக் காற்று வேண்டும், வெயில் ஆகாது. இந்த இரண்டு தேவைகளையும் அறிந்தே கட்டியிருக்கின்றனர்.

சுற்றுப்புற மக்களின் அங்காடியாய்த் தொடங்கிய இது, 1921 முதல் நகரம் முழுமைக்கும் பழமும் காயும் மொத்தமாய் விற்கும் இடமாயிற்று. நகரம் பெருகியது. வண்டிகளும் பெருகின. அந்தக் குறுகிய தெருக்கள் தாங்கவில்லை. 1971-இல் மொத்த வியாபாரம் நகர்ப்புறத்திற்கு மாற்றப்பெற்றதும் மண்டபம் வெறுமையாயிற்று. ஏறத்தாழ அதே காலத்தில் பாரிஸ் நகரத்தார் தங்கள் புகழ்பெற்ற 'லே ஹால்' இரும்பு அங்காடியை இடித்துத் தள்ளினர். பொர்ன் மண்டபத்திற்கும் அந்தக் கதியே நேர இருந்தது. அக்கம்பக்கத்து மக்கள் கூடி எதிர்த்து நின்றமையால் அது பிழைத்தது.

பிழைத்த கட்டடத்தை என்ன செய்வது? பல ஆண்டுகள் யோசித்த பின், அதனுள் மாகாணப் பொது நூலகம் ஒன்றை அமைப்பதென்று முடிவாயிற்று. 2001, 2002-ஆம் ஆண்டுகளில் அதற்காகத் தரையைத் தோண்டினர். தோண்டத் தோண்டச் சுவர்கள் வெளிவந்தன. தெருக்கள், வாசற்படிகள், கிணறுகள், சாக்கடைகள், கல் பாவிய முற்றங்கள் ஆகியவையெல்லாம் ஏறத்தாழ எண்ணாயிரம் சதுர மீட்டர் பரப்பில் இருந்த இடத்திலேயே இருந்தன. அறுபதை ஒட்டிய வீடுகளின் அடிப்பகுதி அவை.

நகரத்தின் நடுவே இத்தனை வீடுகள் மண்ணுக்குள் போனது எப்படி? நிலநடுக்கமோ வெள்ளமோ அன்று. ஓர் அரசாணையால் புதைந்த ஊர் இது. அதை விளங்கிக்கொள்ளச் சற்றே வரலாற்றுக்குள் செல்ல வேண்டும்.

1700-ஆம் ஆண்டில் ஸ்பெயினின் மன்னர் இரண்டாம் சார்லஸ் மக்கட்பேறின்றி இறந்தார். அரியணைக்கு இருவர் உரிமை கோரினர். ஒருவர் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் பேரர் பிலிப்; மற்றவர் ஆஸ்திரிய அரச குடும்பத்தைச் சேர்ந்த இளவரசர் சார்லஸ். ஐரோப்பிய வல்லரசுகள் இரு பக்கமாய்ப் பிரிந்து போரிட்டன. பார்சலோனா ஆஸ்திரிய இளவரசரின் பக்கம் நின்றது. 1711-இல் அந்த இளவரசரே பேரரசராகிவிடவே, அவருக்காகப் போரிட்ட இங்கிலாந்து முதலிய நாடுகளுக்கு ஊக்கம் குன்றியது. 1713-இல் உடன்படிக்கை செய்துகொண்டு அவை விலகின. தனித்து நின்ற நகரத்தைப் பிலிப்பின் படை 1713 ஜூலையில் முற்றுகையிட்டது. பதின்மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்த அம்முற்றுகை 1714 செப்டம்பர் 11-ஆம் நாள் நகரம் வீழ்ந்ததோடு முடிந்தது.

வென்ற மன்னர் அந்நகரை நம்பவில்லை. பகைவரைத் தடுக்க அன்றி, நகரத்தாரையே அடக்கி வைக்க ஒரு கோட்டை வேண்டும் என்று கருதினார். ஃபிளாண்டர்சைச் சேர்ந்த வெர்பூம் என்ற பொறியாளர் ஐந்து முனையுடைய நட்சத்திர வடிவில் அதை வகுத்தார். 1716-இல் வேலை தொடங்கியது. அக்காலத்துக் கோட்டைக்கு மதில் மட்டும் போதாது. மதிலைச் சுற்றி மறைவிடம் ஒன்றும் இல்லாத திடல் வேண்டும். அதில் நடப்பவர் எவராயினும் பீரங்கியின் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கோட்டைக்கும் திடலுக்குமாக, ஆயிரத்தை ஒட்டிய வீடுகள் போக வேண்டியதாயிற்று.

இனி நான் சொல்லப் போவதைக் கேட்டபோது, அங்கே கம்பியைப் பிடித்திருந்த என் கை சற்று இறுகியது. வீடுகளை இடித்தவர் படைவீரர் அல்லர். வீட்டுக்கு உரியவர்களே தத்தம் வீட்டை இடிக்க வேண்டும் என்பது ஆணை. கல்லையும் மரத்தையும் ஓட்டையும் எடுத்துச் செல்லலாம். இழப்பீடு கிடையாது. தந்தை கட்டிய சுவரை மகன் கடப்பாரையால் பெயர்த்துக் கூடையில் சுமந்து செல்ல வேண்டியதாயிற்று. இடம் இழந்தோருக்கென்று சொல்லிக் கடலோரத்தில் 'பார்சலோனெட்டா' என்ற புதுக் குடியிருப்புக்கு அடிக்கல் நாட்டியது 1753-இல்! வீடிழந்தவருள் எத்தனை பேர் அதுவரை உயிரோடிருந்திருப்பர் என்பதை நேயர்களே எண்ணிப் பார்க்கலாம்.

பொர்ன் மண்டபம் நிற்குமிடம் கோட்டைக்குள் அகப்படவில்லை. சுற்றியிருந்த திடலுக்குள் அகப்பட்டது. இந்த வேறுபாடே இடிபாடுகளைக் காத்தது. கோட்டை எழுந்த இடத்தில் அகழிகளும் அடித்தளங்களும் பழைய வீடுகளை வேரோடு அழித்தன. திடலிலோ மேற்சுவரை இடித்துத் தரையைச் சமமாக்கினால் போதும். கீழ்ச்சுவர்கள் அப்படியே இடிமண்ணால் மூடப்பட்டன. வெறுக்கப்பட்ட அக்கோட்டை 1869-இல் நகரத்தாரிடம் ஒப்படைக்கப்பெற்று இடிக்கப்பட்டது. அந்த இடத்தில் பூங்கா தோன்றியது. அதை அடுத்துப் புதிய வீதிகளும் இவ்வங்காடியும் வந்தன. அங்காடியின் இரும்புத் தூண்கள் சில, வீட்டுச் சுவர்களினிடையே இறங்கி நிற்பதை இன்றும் காணலாம். ஒருவர் வீட்டு அடுப்பங்கரையின் ஓரத்தில் பிறிதொரு நூற்றாண்டின் தூண் நிற்கிறது.

சுவர்களைக் கண்டோம், அவற்றில் வாழ்ந்தவர் இன்னார் என்று எப்படி அறிவது? இந்த இடிபாடுகளின் தனிச் சிறப்பு இங்கேதான் இருக்கிறது. கட்டலோனியாவில் நோட்டரிகள் எழுதிய பத்திரங்கள் பெருந்தொகையாய்ப் பாதுகாக்கப்பட்டுள்ளன. வீட்டை விற்றால் ஒரு பத்திரம், வாடகைக்கு விட்டால் ஒரு பத்திரம், பெண்ணுக்குச் சீர் கொடுத்தால் ஒரு பத்திரம். வீட்டுக்காரர் இறந்துவிட்டாலோ, நோட்டரி அறை அறையாய்ச் சென்று கண்ட பொருளையெல்லாம் பட்டியல் எழுதுவார்: கட்டில், பெட்டி, பழைய போர்வை, செப்புப் பானை என்று. ஆல்பெர்ட் கார்சியா எஸ்புச்சே என்ற வரலாற்று ஆய்வாளர் இப்பத்திரங்களைப் பல்லாண்டு துருவி ஆராய்ந்து, தெருத் தெருவாய் வீட்டுக்காரரின் பெயரையும் தொழிலையும் தொகுத்தார். எனவே, மண்ணிலிருந்து சுவர் வெளிவந்தபோது அதன் உரிமையாளரின் பெயர் தாளில் காத்திருந்தது. பானை ஓட்டைக் கொண்டு ஆண்டைக் கணிக்கும் தொல்பொருளாருக்கு, வீட்டுக்காரர் விட்டுச்சென்ற பானைகளின் பட்டியலே கிடைப்பது எவ்வளவு அரிய பேறு! மாணவருக்கு வரலாறு கற்பிப்போர் இங்கு ஒரு முறையாவது வந்து போக வேண்டும். ஏடும் ஓடும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லும் பாடத்தைப் புத்தகத்தில் இவ்வளவு தெளிவாய்க் காட்ட முடியாது.

பொனாயிரே என்ற தெருவின் கல்தளம் வண்டிச் சக்கரத்தால் தேய்ந்திருப்பதைப் பார்த்தேன். அருகே 'ரெக் கொம்தால்' என்ற பழைய கால்வாய். பெசோஸ் ஆற்றிலிருந்து நீர் கொணர்ந்து, ஆலைகளை ஓட்டி, தோல் பதனிடுவோருக்கு உதவி, கழிவையும் சுமந்து கடலை நோக்கிச் சென்ற வாய்க்கால் அது. பக்கத்துக் கூடத்தில் கண்டெடுத்த பொருள்களை வைத்திருக்கின்றனர். புகைச் சுங்கான்கள், பிற நாட்டுப் பீங்கான்கள், சாக்லேட் பருகிய சிறு கிண்ணங்கள்! முற்றுகையில் வந்து விழுந்த குண்டுகளும் அவற்றோடு இருக்கின்றன. பந்தாட்டமும் சூதாட்டமும் நடந்த வீடு ஒன்று உண்டு. போர் வருவதற்கு முன் இங்கே வணிகமும் கேளிக்கையும் குறைவின்றி நடந்திருக்கின்றன.

நூலகம் என்ன ஆயிற்று? அதற்கு வேறிடம் ஒதுக்கினர். இடிபாடுகளைக் காப்பது எனத் துணிந்து இருபதாண்டு கழிந்த பின்னும் அந்நூலகம் எழும்பவில்லை. இடிபாடுகளைக் காத்தது சரியே. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் காலம் கழித்த எனக்கு, இறந்தோரின் வீட்டுக்காக வாழும் பிள்ளைகளின் நூலகம் இத்தனை ஆண்டு காத்திருந்தது சிறிது உறுத்தவே செய்கிறது. இரண்டில் ஒன்றுதான் என்பது விதியா? நிதி ஒதுக்குவோரின் தயக்கமே என்பது என் எண்ணம்.

2013 செப்டம்பரில் மண்டபம் பண்பாட்டு நிலையமாய்த் திறக்கப்பெற்றபோது, வாயிலுக்கு எதிரே கட்டலோனியக் கொடி பறக்கும் கம்பம் ஒன்றை நாட்டினர். அதன் உயரம் 17.14 மீட்டர். 1714-ஐ நினைவூட்டவே அவ்வளவு. செப்டம்பர் 11 கட்டலோனியரின் தேசியத் திருநாள்; ஆகவே இது ஒரு சாராரின் வழிபாட்டிடமாகிவிட்டது என்று மற்றொரு சாரார் குறை கூறினர். 2016-இல் நிலையத்தின் பெயரோடு 'நினைவு' என்ற சொல்லும் சேர்ந்தது. அவ்வாண்டு அக்டோபரில், சர்வாதிகாரி ஃபிராங்கோவின் தலையற்ற குதிரைச் சிலையை ஒரு கண்காட்சிக்காக வெளியே வைத்தனர். மக்கள் முட்டை வீசினர். சில நாட்களில் சிலை கீழே தள்ளப்பட்டது. நிலையத்தார் அதை அகற்றிவிட்டனர். எவருடைய நினைவை எந்த இடத்தில் வைப்பது என்ற வழக்கு அங்கே இன்னும் தீரவில்லை.

அந்நாளிலும் கட்டலோனியர் எல்லாரும் ஒரே பக்கம் நின்றவர் அல்லர். செர்வெரா என்ற ஊர் பிலிப்பை ஆதரித்தது. பார்சலோனாவின் பல்கலைக்கழகத்தை மூடிய மன்னர், 1717-இல் அவ்வூருக்கு ஒன்றை அளித்தார். இதை வழிகாட்டி சொல்லக் கேட்கவில்லை, சொல்லியிருக்கலாம்.

பார்க்கச் செல்வோருக்கு ஒரு குறிப்பு. மேலிருந்து காண்பதற்குக் கட்டணமில்லை. கீழே இறங்கித் தெருக்களில் நடக்க வழிகாட்டியோடு செல்ல வேண்டும். முதலில் மேலிருந்து நிதானமாய் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். தெருக்களின் போக்கு மனத்தில் பதிந்த பிறகு கீழே இறங்கினால், எந்த வாசலில் நிற்கிறோம் என்பது தானே விளங்கும்.