டேப்பட் சத்தம்: அம்பாசடர் எஞ்சின் என்ன சொல்ல வருது?

எஞ்சினை முழுசா இறக்கி, ரீபோர் பண்ணி, வால்வ் கிரைண்ட் பண்ணி, புது கேஸ்கெட் போட்டு மாட்டியாச்சு. ஸ்டார்ட் பண்ணினா எஞ்சின் ஓடுது. ஆனா மேலே இருந்து "டிக் டிக்"னு ஒரு சத்தம். வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கம் பழைய அம்பாசடரை ஆசையா வெச்சிருக்கிறவங்களுக்கு இந்தச் சத்தம் புதுசு இல்ல. உடனே மெக்கானிக்கிட்ட சொல்றது, "டேப்பட்டைக் கொஞ்சம் டைட் பண்ணுங்கண்ணே." பண்ணினா சத்தம் போயிடும். கூடவே வால்வும் போயிடலாம். ஏன்னு பார்ப்போம்.

அம்பாசடர் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை அடிப்படையா வெச்சு, 1957-ல் இருந்து 2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரிச்ச கார். பல வருஷம் அதில் இருந்தது பி.எம்.சி. பி-சீரீஸ் 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். இதில் கேம் ஷாஃப்ட் கீழே பிளாக்கில் இருக்கு, வால்வ் மேலே ஹெட்டில் இருக்கு. கேம் டேப்பட்டைத் தள்ளும், டேப்பட் புஷ் ராடைத் தள்ளும், புஷ் ராட் ராக்கரின் ஒரு பக்கத்தைத் தூக்கும், மறுபக்கம் வால்வை அழுத்தும்.

இந்த ராக்கருக்கும் வால்வ் நுனிக்கும் நடுவில் வேணும்னே ஒரு இடைவெளி விடுறாங்க. பி-சீரீஸுக்கு வழக்கமா 0.015 இன்ச், அதாவது 0.38 மி.மீ. கிட்டத்தட்ட நாலு ஜெராக்ஸ் தாள் கனம். உங்க வண்டி மேனுவலில் வேற அளவு இருந்தா அதுதான் கணக்கு. சூடானா வால்வ் தண்டு நீளும். இடைவெளி இல்லைன்னா ராக்கர் அதைத் தாங்கிப் பிடிச்சு, வால்வை முழுசா மூடவிடாது.

எக்ஸாஸ்ட் வால்வுக்கு இது உயிர்ப் பிரச்சினை. அதன் சூட்டில் பெரும்பகுதி வெளியேறுறது, மூடியிருக்கும்போது சீட்டைத் தொடுற அந்த விளிம்பு வழியாத்தான். சரியா உட்காரலைன்னா சூடு போக வழி இல்ல. நடுவில் நெருப்புக் காற்றும் கசியும். கொஞ்ச நாளில் விளிம்பு கருகி, கம்ப்ரஷன் போய், மறுபடியும் ஹெட்டைக் கழட்டணும்.

இன்னொரு விஷயம். வால்வ் கிரைண்ட் பண்ணினா வால்வ் சீட்டுக்குள் கொஞ்சம் ஆழமா உட்காரும். அப்போ தண்டு நுனி மேலே ஏறும், இடைவெளி குறையும். ஓட ஓட சீட் தேய்ஞ்சாலும் இதே கதைதான். பழைய பெட்ரோலில் இருந்த ஈயம் சீட்டைத் தேயாமல் காப்பாத்திச்சு. 2000 பிப்ரவரி 1 முதல் இந்தியா முழுக்க ஈயமில்லா பெட்ரோல்தான். அதனால் ஹெட்டிலேயே நேரடியா வெட்டின பழைய சீட் இருந்தா, எஞ்சின் வேலை நடக்கும்போதே கடினமான சீட் ரிங் போட்டுடறது நல்லது. சத்தம் போட்டுக்கிட்டு இருந்த எஞ்சின் தானாகவே அமைதியாச்சுன்னா சந்தோஷப்படாதீங்க, இடைவெளியை அளந்து பாருங்க.

சரி, சத்தம் எங்கிருந்து வருதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதலில் வேகத்தைக் கவனிங்க. கேம் ஷாஃப்ட், கிராங்க்கின் பாதி வேகத்தில்தான் சுத்தும். ஐடிலில் 800 ஆர்.பி.எம். என்றால் ஒரு வால்வ் நிமிஷத்துக்கு 400 தடவை திறக்கும். அதாவது விநாடிக்கு ஆறேழு "டிக்". அதைவிட இரண்டு மடங்கு வேகத்தில், கீழே இருந்து கனமா "டொக் டொக்"னு வந்தா அது டேப்பட் இல்ல. வண்டியை நிறுத்திட்டு பேரிங்கைப் பாருங்க.

அடுத்து, வால்வ் கவரைக் கழட்டிட்டு ஐடிலில் ஒவ்வொரு ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவில் ஃபில்லர் கேஜ் இதழைச் சொருகிப் பாருங்க (ஃபேன் பக்கம் கை, சட்டை போகாமல்). எதில் சொருகும்போது சத்தம் குறையுதோ அதுதான் ஆள்.

அளவு சரியா இருந்தும் சத்தம் வந்தா காரணங்கள் இவைதான்:

1. ராக்கர் நுனியில் பள்ளம். தட்டையான கேஜ் பள்ளத்தின் மேலே பாலம் மாதிரி நிக்கும். கேஜ் 0.015 காட்டும், உண்மையான இடைவெளி அதிகம்.

2. ராக்கருக்கு ஆயில் ஏறலை. ராக்கர் ஷாஃப்ட்டுக்கு ஆயில் ஒரு பில்லர் வழியாத்தான் வரும். அழுக்கோ, தப்பா உட்கார்ந்த கேஸ்கெட்டோ அந்த ஓட்டையை அடைச்சிருக்கலாம்.

3. புது கேமில் பழைய டேப்பட். ஒண்ணுக்கொண்ணு பழகாத பரப்புகள், சீக்கிரம் தேயும். கேம் மாத்தினா டேப்பட்டையும் மாத்தணும்.

4. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட் கசிவு. அச்சு அசல் டேப்பட் மாதிரியே கேட்கும். குளிர்ந்த எஞ்சினில் அதிகமாவும் சூடானதும் குறைவாவும் இருந்தா இதைச் சந்தேகப்படுங்க.

செட் பண்றதுக்கு எளிய கணக்கு ஒன்பது. மொத்தம் எட்டு வால்வ். 8-வது முழுசா திறந்திருக்கும்போது 1-வதை செட் பண்ணணும், 7-வது திறந்திருந்தா 2-வதை. கூட்டினா எப்பவும் 9 வரணும்.

புது கேஸ்கெட் சில நூறு கிலோமீட்டரில் அமுங்கும். ஹெட் போல்ட்டை மறுபடி டார்க் பண்ணினா ஹெட் கொஞ்சம் இறங்கி, இடைவெளியும் குறையும். அதனால் போல்ட் முடிஞ்ச கையோட எட்டு டேப்பட்டையும் திரும்ப அளக்கணும். அதுக்கப்புறமும் மெல்லிசா, சீரா ஒரு "டிக் டிக்" இருந்தா, கவரை மூடிட்டு வண்டியை எடுங்க.